ஒரு மொழம் பாக்கி

செப்டம்பர் 6, 2014, சனி

போன் கைக்கு வந்துவிட்டது. ஆண்ட்ராய்டுக்குப் பதில் மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸில் ஓடுவது, விலை இரண்டாயிரத்தை ஒட்டி. 3.5 அங்குலத் திரை, 320க்கு 480 புள்ளி, ரேம் 128 எம்பி. 2013 ஜூலையில் ஸ்பெயினில் முதல் போன் விற்பனைக்கு வந்தபோதே இதற்கு ஒரு செயலி எழுத வேண்டும் என்று இருந்தேன். போன மாதம் இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

யாருக்காக எழுதுவது என்பதில் யோசனையே இல்லை. பெங்களூரு அல்சூர் பஜாரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் பூ விற்கும் அக்காவுக்கு. தர்மபுரிப் பக்கத்துக்காரர். விடிவதற்குள் கே.ஆர். மார்க்கெட் போய்ப் பூ எடுத்து வருவார். வாடிக்கை வீடுகளின் பாக்கியைப் பள்ளிக்கூட நோட்டில் கோடு கோடாக இழுத்து வைத்திருக்கிறார். ஒரு கோடு ஒரு மொழம். போன வாரம் பெய்த மழையில் நடுவே நாலு பக்கம் ஊறி, மசி கரைந்து போயிற்று. “எத்தனை மொழம்னு அவங்களே சொன்னா உண்டு தம்பி” என்றார். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

எழுதுவது சுலபம். இணையப் பக்கம் எழுதுகிற அதே ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், கூடவே செயலியின் பெயர், விவரம் சொல்லும் ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பு. இரண்டே ராத்திரியில், லேப்டாப்பில் போன் மாதிரியே இயங்கிக் காட்டும் சிமுலேட்டரில் ஓடியது. பூப்படத்தைத் தொட்டால் ஒரு மொழம் ஏறும். வீடுகளின் பெயரை நானே அடித்துச் சேர்த்துவிட்டேன்: நீல கேட் வீடு, டீச்சரம்மா, மாடி வீட்டுத் தாத்தா.

செப்டம்பர் 14, ஞாயிறு

போனில் போட்டதும் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. லேப்டாப் சிமுலேட்டர் லேப்டாப்பின் மெமரியில் ஓடுகிறது. போனின் நெருக்கடி அதில் தெரியவே தெரியாது.

தேடியதில் சிக்கல் பூப்படங்களில் இருந்தது. 800க்கு 600 அளவில் பத்துப் படம். கோப்பாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் 60 கேபிதான். ஆனால் திரையில் காட்டுவதற்கு விரிக்கும்போது ஒரு புள்ளிக்கு 4 பைட். ஒரு படத்துக்கு 19,20,000 பைட், பத்துக்கு 19 எம்பிக்கு மேல். ஓஎஸ் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுகிற கொஞ்சத்தில் அதற்கு எங்கே இடம்? எல்லாப் படத்தையும் 80க்கு 80 ஆக வெட்டினேன். இப்போது ஒன்றுக்கு 25,600 பைட். பழக்கத்தில் சேர்த்திருந்த, மற்றவர்கள் எழுதிய நிரல் தொகுப்புகளையும் (லைப்ரரி) எடுத்துவிட்டேன். திறந்தது, நின்றது. மல்லியும் கனகாம்பரமும் அந்தச் சின்னத் திரையில் அழகாகவே இருக்கின்றன.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று நடந்ததை விவரமாக எழுதி வைக்கிறேன்.

போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கடையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டீச்சரம்மாவுக்கு மூன்று மொழம் மல்லி, ஒரு மொழம் கதம்பம். ஈர விரலைப் புடவையில் துடைத்துவிட்டு நிதானமாக நாலு தடவை தொட்டார். ‘சரி’யை அழுத்தப் போகும்போது அதே போனில் அவர் மகனிடமிருந்து அழைப்பு. பேசி முடித்துத் திரும்பினால் செயலி முதலிலிருந்து திறக்கிறது. நாலு மொழமும் இல்லை.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து நாலு கோடு இழுத்தார்.

மெமரி போதாதபோது பின்னால் கிடக்கும் செயலியை ஓஎஸ் மூடிவிடும். 128 எம்பியில் அழைப்பு தடையில்லாமல் வர வேண்டுமென்றால் எதையாவது கைவிட்டுத்தான் ஆக வேண்டும். போன் செய்தது சரி. ‘சரி’ அழுத்தும்வரை எண்ணிக்கையை மெமரியிலேயே வைத்திருந்தது என் தப்பு. கணக்கை நம்பி ஒப்படைத்தவரின் நாலு மொழத்தைத் தொலைத்துவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

‘சரி’ பொத்தானையே தூக்கிவிட்டேன். இனி ஒவ்வொரு தொடுகையும் அந்தக் கணமே இன்டெக்ஸ்டுடிபியில், அதாவது செயலி மூடினாலும் அழியாமல் போனிலேயே இருக்கும் தரவுத்தளத்தில், எழுதப்படும். எழுதி முடித்ததாகத் தகவல் வந்த பிறகே திரையில் எண் மாறும். தப்பாகத் தொட்டால் கழிக்க ஒரு பொத்தான். எந்த வீட்டின் கணக்கில் இருந்தார் என்பதும் சேர்ந்தே பதிவாகிறது. மூடித் திறந்தாலும் அதே வீடு வந்து நிற்கும். லோக்கல்ஸ்டோரேஜ் என்கிற இன்னும் எளிய சேமிப்பில் முடித்திருந்தால் வேலை பாதிதான், ஆனால் அது எழுதி முடிக்கும்வரை திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சின்னத் தயக்கத்தில் அக்கா இரண்டாம் தடவை தொட்டுவிடுவார்.

என் போனிலிருந்து அழைப்பு விட்டு விட்டு, ஒரே ராத்திரியில் நாற்பது தடவை அந்தச் செயலியைச் சாகடித்துப் பார்த்தேன். ஒரு மொழம்கூடக் குறையவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜைக் கூட்டம். ஆட்டோக்காரர்களும் பட்டறைக்காரர்களும் செவ்வந்தி மாலைக்கு வரிசை கட்டி நிற்கிறார்கள். பஜாரே மஞ்சளாகக் கிடக்கிறது. நான் பார்த்திருக்கும்போதே மூன்று அழைப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் பேசிவிட்டு வந்து தொட்டார். அதே வீடு, அதே எண். மூன்றாம் தடவை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த ஆளுக்குப் பூ அளக்கப் போய்விட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஏழு மணிக்குச் சார்ஜ் தீர்ந்தது. நோட்டு வெளியே வந்தது. “நாளைக்கு ஏத்திக்கலாம் தம்பி, இன்னிக்குத் தேதியில” என்றார். பழைய தேதியில் பதிய என் செயலியில் வழியே இல்லை. இன்று ராத்திரி அதை எழுத வேண்டும்.