அடக்கவிலையும் கடன் கொப்பியும்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கடையில் ஒரு கிலோ பருப்பின் விலையை அப்பா எப்படித் தீர்மானிப்பார் என்பதைக் கல்லாவுக்கு அருகில் உட்கார்ந்து பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். கொழும்பின் மொத்த வியாபாரச் சந்தையான புறக்கோட்டையில் மூட்டைக்குக் கொடுத்த விலையோடு லொறிக் கூலி, ஏற்றி இறக்கும் கூலி, மழைக்காலத்தில் ஈரம்பட்டு வீணாகும் பங்கு ஆகியவற்றையும் சேர்த்து அடக்கவிலையைக் கண்ட பிறகே இலாபத்தை வைப்பார். 100 ரூபாய்ச் சாமானை 125 ரூபாய்க்கு விற்றால் 25 வீதம் இலாபம் என்று நான் ஒருமுறை சொன்னபோது, "விற்ற காசில் பார் மகன், ஐந்தில் ஒன்றுதான், கரண்ட் பில்லும் நம் சாப்பாடும் அதற்குள்தான்" என்று திருத்தினார்.

கணக்கைக் குழப்புவது கடன்தான். சம்பளம் வரும்வரை கொப்பியில் எழுதிக் கொடுத்த சாமானுக்குரிய பணம் ஒரு மாதம் முடங்கிக் கிடப்பதால், சில கடைகளில் கடனுக்கு ஒரு விலை, கைக்காசுக்கு ஒரு விலை. அப்பா அதற்கு ஒருபோதும் இணங்கவில்லை. இரண்டுக்கும் ஒரே விலை என்பதே நியாயம் என்று இன்றும் நம்புகிறேன்.

கட்டட வேலை செய்யும் மேசன் பாஸ்மாரின் கணக்கு வேறு. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கூரைத் தகரத்தை மாற்றக் கேட்டால், றோட்டிலிருந்து எத்தனை படிக்கட்டு சுமந்து ஏற வேண்டும் என்று ஏறிப் பார்த்த பிறகே கூலியைச் சொல்வார்கள்.