ஐதாக்க ஐதாக்க

1984ஆம் ஆண்டு உயர்தர வகுப்பில், பூவரசிலைகளை மதுசாரத்தில் ஊறவைத்து வடித்த பச்சைக் கரைசலை ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் எமது கல்லூரி ஆய்வுகூடத்துத் திருசியமானியினூடாகப் பார்த்தோம். சிவப்புப் பகுதியில் ஒரு கரும்பட்டை தெரிந்தது. மேலும் மதுசாரம் சேர்த்துக் கரைசலை ஐதாக்க ஐதாக்க அது ஒடுங்கியது. ஆயினும் ஓர் எல்லைக்குப் பின்னர் ஒடுங்காமல், மங்கித் தேய்ந்து மறைந்தது. காரணம் கேட்டபோது பௌதிகவியல் ஆசிரியர், "மூலக்கூறுகள் ஓய்வதில்லை, தம்பி. ஒன்று நிற்கும் சூழலிலே மற்றொன்று நிற்பதுமில்லை" என்றார்.

அந்த ஓயாமையை அடக்குவதே பின்னாளில், நெதர்லாந்தில் ஆய்வு மாணவனாக இருந்தபோது, என் வேலையாயிற்று. ஊதாப் பக்றீரியா ஒன்றின் ஒளிசேகரிக்கும் புரதத் தொகுதியின் பளிங்குக் கட்டமைப்பைக் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்டிருந்தனர். ஒன்பது அலகுகள் வளையமாக அமைந்த அத்தொகுதியிலுள்ள, ஒளியை உறிஞ்சும் நிறப்பொருளான பக்றீரியோகுளோரோபிலின் 27 மூலக்கூறுகளுள், எட்ட எட்ட நிற்கும் ஒன்பது 800 நனோமீற்றர் அலைநீளத்திலும், நெருங்கி நிற்கும் பதினெட்டு 850 நனோமீற்றர் அலைநீளத்திலும் ஒளியை உறிஞ்சுகின்றன.

மாதிரியைத் திரவ நைதரசனால் 77 கெல்வினுக்கோ (−196 °C) திரவ ஹீலியத்தால் 4 கெல்வினுக்கோ (−269 °C) குளிர்த்தும்போது, நீர் பனிக்கட்டிப் பளிங்குகளாகி ஒளியைச் சிதறடித்துவிடும். ஆதலால் பாதிக்கு மேல் கிளிசரோல் கலந்து, கண்ணாடிபோல் தெளிவாக உறைய வைப்போம். அவசரப்பட்டால் அது விரிசல்விட்டு வெடிக்கும். என் முதல் மூன்று மாதிரிகளும் வெடித்தன. நான்காவதை இரவு முழுவதும் காத்திருந்து, சிறிது சிறிதாகக் குளிர்த்தினேன். அறை வெப்பநிலையில் அகன்று கிடந்த இரு பட்டைகளும் ஒடுங்கி விலகி நின்றதைக் கண்ட அந்த விடியற்காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 800இல் வாங்கிய சக்தி 850க்குத் தாவ, அறை வெப்பநிலையில் ஒரு பிக்கோசெக்கனுக்குச் (செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) சற்றுக் குறைவான நேரமும் 77 கெல்வினில் ஏறத்தாழ 1.2 பிக்கோசெக்கனும் ஆகும். அத்தனை குளிரும் அதை அவ்வளவே தாமதப்படுத்துகிறது என்பது எனக்கு இன்றும் பெருவியப்பு.

1999இல் லெய்டன் ஆய்வாளர்கள் தனித்தனி வளையங்களையே 1.2 கெல்வினில் அளந்து காட்டினர். 800 பட்டை ஒடுங்கிய தனிக் கோடுகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு மூலக்கூறும் தன் சூழலுக்கேற்ற நிறத்தை உறிஞ்சியது. 850 பட்டையோ பதினெட்டுக் கோடுகளாகப் பிரியாது, ஒருசில அகன்ற பட்டைகளாகவே நின்றது. ஏனெனில் அங்கு வந்து சேரும் சக்தி ஒரு மூலக்கூறில் தங்காமல், வளையத்தில் பரவிப் பலவற்றுக்கும் பொதுவாகிறது.

அந்த அளவீட்டில் எனக்குப் பங்கில்லை. எனினும் கட்டுரையின் பிரதியொன்றை யாழ்ப்பாணத்திலிருந்த ஆசிரியருக்கு அனுப்பினேன். மூன்று மாதங்களின் பின் வந்த பதிலில் அவர் ஒன்றே ஒன்றைக் கேட்டிருந்தார்: ஒரு வளையம் மட்டும் எஞ்சும்வரை கரைசலை எவ்வாறு ஐதாக்கினார்கள்?

அதற்கு நான்கு பக்கங்களில் விடை எழுதினேன்.