‘கெட்’ என்ற வினையோடு ஒரு வாரம்

ஜூன் 3
ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால் வந்து விழும் ‘கெட்’, பிறப்பால் ஆங்கிலச் சொல் அல்ல. இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. 1200 வாக்கில் எழுத்தில் தென்படுகிறது. அதன் பங்காளி மட்டும் பழைய ஆங்கிலத்திலேயே, முன்னொட்டைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தது: ‘ஃபர்கெட்’. ‘கெட்’டின் ஆதி வேருக்குப் ‘பிடி’ என்று பொருள்; மறதி என்றால் பிடி நழுவுவது. லத்தீன் வழி வந்த ‘ப்ரிசன்’ (சிறை) கூட அதே வேர்தான். (தமிழில் எழுதினால் ஏதோ கெட்டுப்போனது போலத் தெரிகிறது, வேறு வழியில்லை.)

ஜூன் 4
‘ஹேவ்’ உடன் வரும் ‘கெட்’டின் இறந்தகால வடிவத்தை அமெரிக்கர்கள் ‘காட்டன்’ (gotten) என்பார்கள், பிரிட்டனில் பெரும்பாலும் ‘காட்’ (got). ஆனால் ‘ஃபர்காட்டன்’ இரு கரையிலும் உண்டு. அமெரிக்கப் பேச்சில் ‘ஐ ஹேவ் காட்’ என்றால் என்னிடம் இருக்கிறது; ‘ஐ ஹேவ் காட்டன்’ என்றால் கிடைத்துவிட்டது.

ஜூன் 6
நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ‘அவரிடம் கையெழுத்து வாங்கினேன்’: ‘ஐ காட் ஹிம் டு சைன்’. இந்த ‘டு’ விடக்கூடாதது. அதே பொருளை ‘மேக்’ கொண்டு சொன்னால் ‘டு’ வரவே கூடாது: ‘ஐ மேட் ஹிம் சைன்’. இரண்டையும் கலந்து ‘மேட் ஹிம் டு சைன்’ என்பதுதான் வழக்கமான பிழை. தொனியும் வேறு: ‘மேக்’கில் கட்டாயம் இருக்கிறது, ‘கெட்’டில் பேசிச் சம்மதிக்க வைத்த வாடை. ‘வேலை வாங்குவது’ என்கிறோமே, அந்த ‘வாங்கு’தான் இதற்கு மிக அருகில் நிற்கும் தமிழ். செய்பவரை விட்டுவிட்டுப் பொருளைச் சொன்னால் ‘டு’ போய்விடும்: ‘ஐ காட் த பைப் ரிப்பேர்டு’.

ஜூன் 7
‘ஷீ இஸ் மேரீட்’ என்பது நிலை, ‘ஷீ காட் மேரீட்’ என்பது நடந்த நிகழ்ச்சி. ‘கல்யாணம் ஆகிவிட்டது’ இரண்டுக்கும் பொருந்துவதால் ‘ஷீ இஸ் மேரீட் இன் 2015’ என்று எழுதிவிடுகிறோம். ஆண்டு வந்துவிட்டால் ‘காட்’ போடுங்கள்.

இன்னொன்று: ‘ஹீ காட் ஃபயர்டு’ என்பதில் ‘கெட்’ துணைவினை போலத் தெரிந்தாலும், கேள்வியில் முன்னால் ஏறாது. ‘டிட் ஹீ கெட் ஃபயர்டு?’ என்றுதான் கேட்க வேண்டும்.

ஜூன் 9
‘கெட் டு த ஸ்டேஷன்’ சரி. ‘கெட் டு ஹோம்’ தவறு. ‘கெட் ஹோம்’ போதும். ‘ஹியர்’, ‘தேர்’ இரண்டுக்கும் இதே கணக்கு.