ஏழாவது ஹோலில் ஒருவழியாக மூன்று

போன ஞாயிறு காலை, எங்கள் வளாக டிஸ்க் கோல்ஃப் திடலின் ஏழாவது ஹோலை மூன்று வீச்சில் முடித்துவிட்டேன். தட்டு போன்ற டிஸ்க்கை வீசி, ஒவ்வொரு இலக்கையும் எவ்வளவு குறைந்த வீச்சில் தொடுகிறோம் என்பதுதான் ஆட்டம். ஒரு தொடக்கமும் ஒரு இலக்கும் சேர்ந்தது ஒரு ஹோல். மார்ச்சில் தொடங்கிய முயற்சி ஜூலையில் கைகூடியது. இடைப்பட்ட நான்கு மாதத்தில் என் சிறந்த கணக்கு ஐந்து. ஒரு நாள் ஒன்பது வரை போயிருக்கிறது. டிஸ்க் விளக்குக் கம்பத்தில் பட்டு ‘ணங்’ என்று சத்தம் எழுந்ததும், மேட்டில் நின்றிருந்த அக்கா மகன் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினான். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை. நானும் கத்தினேன்.

திடல் என்று நான் சொல்வது, சிங்கப்பூர்த் தீவின் மேற்கே ஒரு மேட்டில் இருக்கும் கல்லூரி வளாகத்தை. அக்கா மகன் அங்கேதான் படிக்கிறான். வழக்கமாக இலக்காக வைக்கும் சங்கிலிக் கூடை எதுவும் கிடையாது. ஒன்பது ஹோலில் ஐந்து விளக்குக் கம்பம், மூன்று மரம், ஒரு கான்கிரீட் தூண். மரம் என்றால் நன்றாக முற்றிய தெம்புசு, தூங்குமூஞ்சி மட்டும்தான். இளங்கன்றையோ மெல்லிய பட்டை கொண்ட மரத்தையோ இலக்காக வைப்பதில்லை. கம்பத்தையும் மரத்தையும் குறிவைத்து ஆடுவதுதான் இந்த ஆட்டத்தின் பழைய வடிவம். எட் ஹெட்ரிக் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரத் திடலை அமைத்ததும், பிறகு சங்கிலிக் கூடைக்குக் காப்புரிமை வாங்கியதும் அதற்கு அப்புறம் வந்த கதை. கூடை இல்லாமல் ஆடுவது அரைகுறை ஆட்டம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கம்பத்தின் அகலம் ஒரு சாண்கூட வராது. பத்து மீட்டர் தள்ளி நின்று அதைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

ஆட்கள் விஷயத்தில் மட்டும் நாங்கள் ரொம்பக் கண்டிப்பு. வீச்சுப் பாதையில் யாராவது வந்தால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், டிஸ்க் கையை விட்டுப் போகாது. மே முதல் ஜூலை வரை நீண்ட விடுமுறை என்பதால் இப்போது வளாகம் காலியாக இருக்கிறது. பாதுகாவலர் அங்கிள் ஒருவர் முதல் வாரமே வந்து விசாரித்தார். “விளையாடுங்க தம்பி, ஆனா கண்ணாடிப் பக்கம் வேணாம்” என்றார். அன்றைக்கே நான்காவது ஹோலின் தொடக்கத்தை நூலகச் சுவரிலிருந்து புல்வெளிப் பக்கம் மாற்றிவிட்டோம். இப்போது அவரே எங்களைப் பார்த்தால், “நேத்து எத்தனை?” என்று கணக்குக் கேட்கிறார்.

சரி, ஏழாவதுக்கு வருகிறேன்.

கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே, படிக்கட்டின் ஓரத்திலிருந்து வீச வேண்டும். தூரம் 68 மீட்டர், அடி எண்ணி அளந்தது. முழுக்க மேடு. பாதி வழியில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள், நடுவே நான்கு எட்டு இடைவெளி. இடப்பக்கம் நெடுக ஆழமான மழைநீர்க் கால்வாய். வலப்பக்கம் கூரையிட்ட நடைபாதை. உச்சியில் இலக்கு விளக்குக் கம்பம். இதில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, சமதரையில் 75 மீட்டர் எனக்குச் சுலபமாக வரும். ஆனால் இங்கே ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். டிஸ்க் இடைவெளியை நோக்கி அழகாகக் கிளம்பும், மரத்தின் உயரம் வரை ஏறும், அங்கே ஒரு கணம் அப்படியே நிற்கும், பிறகு இடப்பக்கம் கவிழ்ந்து கால்வாய்க்குள் சறுக்கிவிடும்.

முதலில் டிஸ்க்கைக் குறை சொன்னேன். லெப்பர்ட் என்ற ரக டிஸ்க் போதாது என்று நினைத்து ராக் என்ற ரகத்தை எடுத்தேன், அது இன்னும் சீக்கிரமாக இடப்பக்கம் போனது. ஒரு டிஸ்க்கின் பறக்கும் குணத்தைச் சொல்லும் நான்கு எண்களில் கடைசியானது, வேகம் குறைந்ததும் அது எவ்வளவு இடப்பக்கம் சாயும் என்பது. ராக்குக்கு அது 3 என்பதால் அதில் வியப்பில்லை. பிறகு காற்றைக் குறை சொன்னேன். காற்றே இல்லாத ஒரு காலையில் மூன்று டிஸ்க்கும் வரிசையாகக் கால்வாய்க்குள் போனபோது அந்தச் சாக்கும் தீர்ந்தது. பலத்தைக் கூட்டிப் பார்த்தேன். கூட்டக் கூட்ட இன்னும் உயரத்தில் நின்றது, இன்னும் இடப்பக்கம் போனது.

அக்கா மகன், டிஸ்க்கை எறிந்து பிடிக்கும் குழு ஆட்டமான அல்டிமேட் ஆடி வளர்ந்தவன். அவனுக்கு இந்த ஹோல் ஒரு பொருட்டே இல்லை. ஃபோர்ஹேண்டில் வீசினால் அவனுடைய டிஸ்க் கடைசியில் வலப்பக்கம் சாயும், கால்வாய்ப் பக்கமே போகாது. எனக்கு முழங்கையில் பழைய வலி இருப்பதால் ஃபோர்ஹேண்ட் பத்து வீச்சுக்கு மேல் தாங்காது. பேக்ஹேண்டிலேயேதான் வழி கண்டுபிடிக்க வேண்டும்.

மே மாதக் கடைசியில் அவன் பக்கவாட்டில் மண்டியிட்டு, கைப்பேசியில் மெதுவோட்டத்தில் படம் பிடித்தான். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். டிஸ்க் கையை விடும் அந்த ஒரு ஃபிரேமில் எல்லாம் தெரிந்தது. முன்விளிம்பு பின்விளிம்பைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. மூக்கு தூக்கிக்கொண்டு போகிறது!

மூக்கு பற்றி எல்லாரும் எல்லா இடத்திலும் பேசுகிறார்கள், எனக்கும் ஏட்டளவில் தெரியும். முன்விளிம்பு பறக்கும் பாதையைவிட மேலே இருந்தால் காற்று அடிப்பக்கத்தில் அறைகிறது, டிஸ்க் எழும்புகிறது, வேகம் செத்துப்போகிறது. வேகம் செத்ததும் வலக்கை பேக்ஹேண்ட் டிஸ்க் இடப்பக்கம்தான் விழும். ஆனால் மேட்டு ஹோலில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. மேட்டுக்கு வீசும்போது பாதை மேல்நோக்கிப் போக வேண்டும். மூக்கு அந்தப் பாதையோடு ஒட்டிப் போகலாம், அல்லது அதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து போகலாம். நானோ பாதையை உயர்த்துவதாக நினைத்துக்கொண்டு மூக்கை மட்டும் உயர்த்திக்கொண்டிருந்தேன். தோள், இடுப்பு எல்லாம் சமதரையில் நிற்பது போலவே இருந்தன. கை மட்டும் மேலே போனது.

“மாமா, கையைத் தூக்காதீங்க. மொத்த உடம்பையும் பின்னால சாய்ங்க. தோள் கோடு மேட்டோட கோடா இருக்கணும்” என்றான்.

அது பாதி மருந்து. தோளைச் சாய்த்ததும் பாதை சரியானது, மூக்கு முழுதாகத் தாழவில்லை. மீதிப் பாதி பிடியில் இருந்தது. இதற்கு ஜூன் முழுவதும் போனது.

டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் நடுவாக ஒரு வெள்ளை டேப் ஒட்டினேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று பிடித்துப் பார்த்தால், டேப்பின் முன்நுனி என் முன்கைக் கோட்டைவிட மேலே நின்றது. காரணம், டிஸ்க்கை விரல்களின் அடியில், உள்ளங்கைக்குக் குறுக்கே நேராகப் பிடித்திருந்தேன். அதை மாற்றி, ஆட்காட்டி விரலின் நடுமூட்டிலிருந்து உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து மேடு வரை சாய்வாக விளிம்பை அமர்த்தினேன். உடனே முன்நுனி கீழே வந்தது. கட்டைவிரலையும் விளிம்பின் மேலேயே வைக்காமல், விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி வைத்து அழுத்தினேன்.

அடுத்தது மணிக்கட்டு. கோப்பிக்கடையில் தே தாரிக் என்ற தேநீரை ஆற்றுபவரைக் கவனித்துப் பாருங்கள். தூக்கிய குவளையைச் சாய்க்கும்போது கட்டைவிரல் முன்னால் கவிழ்ந்து, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் இறங்கும். டிஸ்க்கைப் பின்னால் இழுக்கும்போதே மணிக்கட்டு அந்த நிலைக்கு வந்துவிட வேண்டும், வீசி முடிக்கும் வரை அதே நிலையில் இருக்க வேண்டும். விடும் கணத்தில் கவிழ்க்கலாம் என்று நினைத்தால் நடக்காது, அதற்கு நேரமே இல்லை. சாவி திருகுவது போல முன்கையைத் திருப்பச் சொல்லும் பாடமும் உண்டு. எனக்கு அதில் டிஸ்க் தள்ளாடியது, அதனால் விட்டுவிட்டேன். குவளை சாய்ப்பதே என் கைக்கு ஒத்துவந்தது. வேலை முடிந்து வந்து தினமும் இரவு ஐம்பது முறை, டிஸ்க்கை விடாமல் இழுத்து நிறுத்தி டேப்பைப் பார்ப்பேன். மனைவி ஒரு கட்டத்தில், “இப்ப மூக்கு கீழதான் இருக்கு” என்று தானாகச் சொல்லத் தொடங்கினாள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஊர் வெக்கையில் பிடி என்பது பாதி துடைப்பதுதான். சூரியன் ஏழு மணி வாக்கில் எழுந்தால் ஏழரைக்குள் உள்ளங்கை நனைந்துவிடும். விலை கூடிய மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு வாங்கிப் பார்த்தேன். பழைய குட் மார்னிங் துண்டுக்கு அவை ஈடாகவில்லை. பையில் மூன்று வைத்திருக்கிறேன். ஒன்று கைக்கு, ஒன்று டிஸ்க்குக்கு, ஒன்று கால்வாயிலிருந்து எடுத்த டிஸ்க்குக்கு. பிளாஸ்டிக் விஷயத்தில் ஈரத்துக்கு மலிவு ரகமே மேல். விலை கூடிய வழுவழுப்பு ரகம் கான்கிரீட்டில் மோதினாலும் தாங்கும், ஆனால் ஈரக் கையில் வழுக்கும். மலிவு ரகம் கையில் ஒட்டும், கம்பத்தில் அடிபட்டு அடிபட்டு விளிம்பு பிய்ந்துபோகும். இலக்கருகே வீச வைத்திருக்கும் என் ஏவியார் புட்டர் டிஸ்க் இரண்டு வருடத்தில் ரம்பம் போல ஆகிவிட்டது. இருந்தும் பத்து மீட்டருக்குள் வேறு எதையும் நம்ப மாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஒரு டிஸ்க்கின் விலையைவிட அஞ்சல் செலவு கூடுதலாக இருக்கிறது, அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வாங்கினால்தான் கட்டுப்படியாகும். போன முறை நான் ஆர்டர் செய்தது 165 கிராம், ஒரு கடை அனுப்பியது 175. திருப்பி அனுப்பும் செலவைக் கணக்குப் பார்த்து அப்படியே வைத்துக்கொண்டேன். பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் தேடும்போது ‘ஃபிரிஸ்பி’ என்றும் போட்டுத் தேடுங்கள். விற்பவர்களுக்குப் பெயர் தெரியாமல் நடுத்தூரத்துக்கான நல்ல மிட்ரேஞ்ச் டிஸ்க் எட்டு வெள்ளிக்குக் கிடைத்திருக்கிறது. படத்தில் விட்டம் 21 சென்டிமீட்டர் போலத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். 27 என்றால் அது அல்டிமேட் டிஸ்க்.

கால்வாயில் விழுந்ததை எடுக்க, நீளும் ஒட்டடைக் கம்பின் நுனியில் துணி மாட்டும் கம்பியை வளைத்துக் கட்டி ஒரு கொக்கி செய்திருக்கிறேன். மூன்று மீட்டர் எட்டும். மழை நேரத்தில் அதையும் செய்வதில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, சுமத்ரா காற்று மேற்கிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்த நீர் பத்து நிமிடத்தில் இடுப்பளவு ஏறியதைக் கூரைக்கு அடியில் நின்று பார்த்தோம். என் ஆரஞ்சு லெப்பர்ட் அந்த நீரில் சுழன்று சுழன்று போய்விட்டது. இடி கேட்டால் ஆட்டம் அதோடு முடிந்தது, அதில் பேச்சே இல்லை.

போன ஞாயிறு நடந்தது இதுதான். ஆறு ஹோலுக்கு 19, அதாவது எதிர்பார்க்கும் கணக்கான பாருக்கு ஒன்று அதிகம். ஏழாவதில் புதிய லெப்பர்ட்டை எடுத்தேன். துண்டால் இருமுறை துடைத்தேன். விளிம்பைச் சாய்வாக அமர்த்தி, பின்னால் சாய்ந்து, குவளையைக் கவிழ்த்து வீசினேன். டிஸ்க் உயரவே இல்லை. மேட்டோடு மேடாக, தலை உயரத்திலேயே, இரண்டு மரங்களுக்கும் நடுவே புகுந்து போனது. அந்த ஒரு கணம் நிற்பது என்பதே இல்லை. கடைசியில் மெல்ல இடப்பக்கம் சாய்ந்து கால்வாய் விளிம்புக்கு இந்தப் பக்கமே புல்லில் படுத்தது. கம்பத்துக்குப் பதினோரு மீட்டர். ஏவியாரில் முதல் முயற்சி கம்பத்தைத் தாண்டி இரண்டு மீட்டர் போனது, அடுத்தது ‘ணங்’. மொத்த ஆட்டம் 29. என் சிறந்த கணக்கும் அதுதான்.

இனி கூடை. ஒரு கையடக்கக் கூடை செய்துவிட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. பழைய சைக்கிள் சக்கர வளையம் இரண்டு கிடைத்துவிட்டது. ஒன்று சங்கிலி தொங்க, ஒன்று கீழே தட்டுக்கு. சங்கிலிக்காக ஜாலான் புசார் பக்கம் இரும்புக் கடைகளில் அலைந்தேன். கனமான சங்கிலி தொங்கவிட்டால் டிஸ்க் பட்டுத் திரும்பி வந்துவிடுகிறது, மெல்லியது என்றால் ஊடுருவிப் போய்விடுகிறது. வெளிவரிசைக்குக் கொஞ்சம் கனமாகவும் உள்வரிசைக்கு மெல்லியதாகவும் இரண்டு ரகம் வாங்கலாம் என்று இருக்கிறேன். நடுக்கம்பத்துக்கு இன்னும் வழி தெரியவில்லை. குடை நாட்டும் கான்கிரீட் அடிக்கட்டை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், ஆனால் அதை மேட்டுக்குத் தூக்கிப் போவது யார்?

அதற்குள் ஏழாவதில் புது வேலை முளைத்துவிட்டது. ஞாயிறு ஆட்டம் முடிந்தபின் அதே வீச்சை இன்னும் நான்கு முறை முயன்றேன். ஒன்று கம்பத்தருகே போனது, ஒன்று பழையபடி கால்வாய். மற்ற இரண்டும் வலப்பக்க மரத்தில் மோதின. இதுவரை நான் ஒருமுறைகூட வலப்பக்கம் தவறியதில்லை. மூக்கு தாழ்ந்ததும் டிஸ்க்கின் வேகம் குறையாமல் போகிறது. அந்த வேகத்தில், மூன்றாவது எண்ணான திருப்பு −2 கொண்ட லெப்பர்ட் தன் இயல்புப்படி வலப்பக்கம் திரும்புகிறது. நான்கு மாதம் அதைத் தெரியவிடாமல் தடுத்தது என் தூக்கிய மூக்கு. ஆக, மார்ச்சில் ஒதுக்கிவைத்த ராக் இப்போது சரியான டிஸ்க்காக இருக்கலாம். அதிலும் வெள்ளை டேப் ஒட்டிவிட்டேன். வரும் ஞாயிறு ஏழாவதில் முதல் வீச்சு ராக்தான்.