சோதனை உலைக்குப் பக்கத்தில் ஒரு நாள்

இன்று முழுக்க உலை பக்கத்திலேயே நின்றதில் கால் வலிக்கிறது, ஆனாலும் இதை எழுதாமல் தூக்கம் வராது.

நிலக்கரியை எப்படி எரித்தால் நச்சுவாயு குறையும் என்பதை ஆய்வகத்தில் ஒரு கிராம் தூளை வைத்துச் சொல்லிவிட முடியாது, நேரே 500 மெகாவாட் கொதிகலனில் போய்ச் சோதித்துப் பார்க்கவும் முடியாது. நடுவில் மணிக்குச் சில கிலோ எரிக்கும் இந்தச் சின்ன உலைதான் பாலம்.

எங்களுடையது பாய்மப் படுகை உலை. அடியிலிருந்து காற்று வேகமாக ஏற, செக்கச்செவேலென்ற மணல் கொதிக்கும் தண்ணீர் மாதிரி தளதளக்கும். 850 டிகிரியில் நிலைநிறுத்தி, சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்த்தோம். கொஞ்ச நேரத்தில் திரையில் சல்பர் டை ஆக்சைடு கோடு மெல்ல இறங்கியது! வாயுவாகப் போக வேண்டிய கந்தகம் கால்சியம் சல்பேட்டாகிச் சாம்பலோடு தங்கிவிடுகிறது. வெப்பம் 900-ஐத் தாண்டிப் போனால் இந்தப் பிடிமானம் தளர்ந்துவிடும், அதனால் கண்ணை எடுக்கவே முடியாது.

சரி, இதே எண் பெரிய உலையிலும் வருமா? அப்படியே வராது. சின்ன உலையில் கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவர்ப்பரப்பு அதிகம், வெப்பம் அந்த வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும், அதை ஈடுகட்டச் சுவரைச் சுற்றி மின் சூடேற்றி வைத்திருக்கிறோம். இதைச் சொல்லாமல் முடிவை மட்டும் வெளியிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாளைக்கு, கழுவிச் சாம்பல் குறைத்த நிலக்கரியைப் போட்டுப் பார்க்கிறோம்.