ஐஸ்பெட்டியில் எட்டு வாரம்

மூன்றாவது தடவையில் பூண்டு பல் பிரிந்துவிட்டது! நேற்று ஒன்றைப் பிடுங்கினேன். எலுமிச்சங்காய் அளவுகூட இல்லை, ஆனால் உரித்தால் உள்ளே ஐந்து பல். பினாங்கு ஆயர் ஈத்தாமில், வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில், மீன்கடைப் பெட்டியில் விளைந்தது. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

முன்பு இரண்டு தடவையும் தாள் மட்டும் தளதளவென்று வந்தது. அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒற்றை உருண்டை. மண்ணையும் உரத்தையும் திட்டித் தீர்த்தேன். பாவம், மண் என்ன செய்யும்? குளிர் படாத பூண்டு லேசில் பல் பிரியாது. பகல் நீள நீளத்தான் கிழங்கும் திரளும். பினாங்கிலோ வருஷம் பூரா ஏறக்குறைய 12 மணி நேரப் பகல்தான். பகலை நீட்ட முடியாது, குளிரையாவது காட்டுவோம் என்று நவம்பரில் விதைப் பூண்டை ஐஸ்பெட்டிக்குள் வைத்தேன்.

அந்த 8 வாரம்தான் பெரிய பாடு. பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்ததில் பத்தே நாளில் பச்சைப் பூசணம். புதிதாக வாங்கி, காகிதப் பையில் நாலு ஓட்டை போட்டு வைத்தேன். காய்கறித் தட்டில் வெப்பமானி 9 டிகிரி காட்டியது, மேல்தட்டின் பின்மூலையில் 4. அங்கே மாற்றினால், பக்கத்தில் அம்மாவின் தோசைமாவு. “மாவெல்லாம் பூண்டு நாத்தம்டா” என்று தினமும் அர்ச்சனை. ஒரு நாள் ரசத்துக்கு ஒரு முழுப் பூண்டைத் தட்டிப் போட்டும் விட்டார்.

வாரம் ஒரு பல்லை நெடுக்காக அறுத்துப் பார்ப்பேன். மூன்றாம் வாரம் நடுவில் அரிசியளவு பச்சை முளை. ஆறாம் வாரம் பாதி உயரம். எட்டாம் வாரம் நுனியைத் தொட்டது. அன்றே பல்பல்லாக உடைத்து நட்டேன். ஜனவரி வெயிலும் கைகொடுத்தது.

விதைக்குச் சௌராஸ்தா பசாரில் சீனாப் பூண்டுதான் வாங்கினேன். வேரை ஒட்டச் சீவியதை எடுக்காதீர்கள். வேர் கிளம்பும் அடித்தட்டு காயம்பட்டிருந்தால் அங்கேதான் அழுகல் தொடங்குகிறது. அடுத்து, 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டின் மேல் ஒரு கண். ஆனால் நடுவதற்குக் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும், பயணப்பெட்டியில் ஒளித்து வரும் வேலையெல்லாம் நமக்கு ஆகாது.

மீன்பெட்டியில் இன்னும் பதினொரு செடி நிற்கிறது. அடி இலை மூன்று காய்ந்துவிட்டன, தண்ணீரை நிறுத்தியாயிற்று. மழைதான் நிற்கவில்லை. சாரல் அடிக்கிறது என்று கார் போர்வையை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்தியிருக்கிறேன், கார் நனைகிறது.