வாட்டம் விட மறந்த வீடுகள்

வீடு கட்ட வருபவர்கள் இப்போது வெறுங்கையோடு வருவதில்லை. கைபேசியில் நாற்பது படங்கள் இருக்கும். ஆஸ்திரேலியக் கடலோர வீடு, போர்ச்சுகல்லின் வெள்ளைப் பெட்டி, ஜப்பானின் பூசாத கான்கிரீட் சுவர் என்று ஊர் ஊராகப் போகும் அந்தப் படங்களில் ஒரு விஷயம் மட்டும் மாறாது. சன்ஷேடு இருக்காது. கைப்பிடிச் சுவர் தெரியாது. வாசலில் படி இருக்காது. மழைநீர்க் குழாய் எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. கூரையின் ஓரம் கோடு கிழித்தது போல மெலிதாக நிற்கும்.

இதில் தப்பு எதுவும் இல்லை, அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் விடுபட்ட ஒவ்வொன்றும் பழைய வீட்டில் ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. சன்ஷேடு வெயிலையும் சாரலையும் தடுத்தது. வாசற்படி வெள்ளத்தை வெளியே நிறுத்தியது. அவற்றை எடுத்துவிட்டால் அந்த வேலை தானாக ஒழிந்துபோகாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேறொன்று அதைச் செய்தாக வேண்டும். அதற்கு உயரம் வேண்டும், காசு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, கான்கிரீட் போடும் முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும்.

இந்தப் படங்களுக்கெல்லாம் பாட்டன் என்று சொல்லத்தக்க வீடு பாரிஸுக்கு அருகே புவாசியில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1928-இல் தொடங்கி 1931-இல் முடித்த வில்லா சவோய். தூண்கள் மேல் நிற்கும் வெள்ளைப் பெட்டி, தட்டைக் கூரை, நீளவாட்டில் ஓடும் ஜன்னல். கட்டடக்கலை மாணவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது வரைந்து பார்த்த வீடு அது. அதே வீட்டில் மழை உள்ளே வருகிறது என்று அந்த வீட்டு அம்மா கட்டடக் கலைஞருக்கு ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதினார். குடும்பம் 1940-இல் போரால் வெளியேறியது. இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னம். வரைபடத்தில் தட்டையாக இருக்கும் கூரை தளத்திலும் தட்டையாக இருந்தால் ஒழுகும் என்பதற்கும் அதுவே சின்னம்.

நம்மூர்க் கொத்தனார் இதை ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: வாட்டம். மொட்டைமாடி பார்வைக்குத்தான் தட்டை. தண்ணீருக்கு அது சரிவாக இருக்க வேண்டும். நூறு அடி நீளத்துக்கு ஒரு அடி இறக்கம், அதாவது நூறுக்கு ஒன்று என்பது குறைந்தபட்சம். கைவேலையில் ஏற்படும் மேடுபள்ளத்தைச் சேர்த்துப் பார்த்தால் எண்பதுக்கு ஒன்று வைப்பது நல்லது. 30 அடி நீளமுள்ள மாடியில் ஒரே பக்கம் தண்ணீரை விட்டால் அதற்கு நாலரை அங்குலம் வேண்டும். தண்ணீர் இறங்கும் வாய் இருக்கும் இடத்தில் 2 அங்குலக் கனத்தில் தொடங்கினால் மறுமுனையில் ஆறரை அங்குலம் ஆகிவிடும். அந்தக் கனம் சும்மா வராது, ஒவ்வொரு அங்குலமும் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோவைக் கூரைமேல் ஏற்றும். நடுவே மேடு வைத்து இரண்டு பக்கமும் விட்டால் இரண்டேகால் அங்குலத்தில் வேலை முடியும். ஆகவே தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைக் கட்டுமானப் பொறியாளர் கணக்குப் போடும் முன்பே தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலான தளங்களில் தட்டோடு என்ற தட்டையான ஓடுகளை ஒட்டும் நாளில் கொத்தனாரே அதைத் தீர்மானிக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வரைபடத்தில் அம்புக்குறிகூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

பழைய முறையில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மட்டும் கலந்து, மணலே சேர்க்காமல், கடுக்காய் நீரும் வெல்லமும் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அதன்மேல் தட்டோடு. அந்தத் தட்டல்தான் வாட்டத்தையும் கொடுத்தது, இறுக்கத்தையும் கொடுத்தது. இப்போது அவ்வளவு நாள் தட்டுவதற்கு ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. சிலாபின் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, அதன்மேல் வாட்டக் கலவை, பிறகு ஓடு என்பது வழக்கமாகிவிட்டது. இதுவும் நன்றாக நிற்கும். கெட்டுப்போவது எப்போதும் ஓரத்தில்தான். பூச்சை மூலையோடு நிறுத்திவிடுவார்கள். கைப்பிடிச் சுவரும் சிலாபும் சேரும் இடத்தில் முதலில் கலவையை உருட்டிச் சரிவாக்கி, பூச்சைச் சுவரில் ஒரு அடியாவது ஏற்ற வேண்டும். படத்தில் உள்ளது போலக் கைப்பிடிச் சுவரை அரை அடியாகக் குறைத்துவிட்டால் பூச்சை ஏற்ற இடமே இருக்காது. அங்கே வாட்டக் கலவையும் ஓடும் சேர்ந்து நான்கைந்து அங்குலத்தை முன்பே தின்றிருக்கும்.

சோதனைக்குக் குழாய் வாயை அடைத்து, 2 அங்குலத் தண்ணீர் கட்டி, மூன்று நாள் விட வேண்டும். வெயில் காலத்தில் ஆவியாகவே நாளுக்குச் சில மில்லிமீட்டர் குறையும். அதைக் கசிவு என்று நினைத்துச் சண்டை போடுவதும் நடக்கும், கசிவை ஆவி என்று மழுப்புவதும் நடக்கும். அதே மாடியில் ஒரு வாளித் தண்ணீரைக் கோடு போட்டு வைத்துவிட்டால் வாக்குவாதமே வராது. இரண்டும் ஒரே அளவு இறங்கினால் ஆவி. மாடியில் மட்டும் கூடுதலாக இறங்கினால், கீழே கறை தெரியாவிட்டாலும், எங்கோ வழி இருக்கிறது.

1000 சதுர அடி மாடியில் ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 9300 லிட்டர் தண்ணீர். சென்னையின் ஐப்பசி மழைக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஒரே ஒரு வாய் வைத்து அதில் வேப்பிலை அடைத்துக்கொண்டால் அந்த 9 டன்னும் கூரைமேல் நிற்கும். சதுர மீட்டருக்கு 100 கிலோ. ஆள் ஏறாத கூரைக்கு இந்தியத் தரநிர்ணயம் கணக்கில் எடுக்கச் சொல்லும் சுமை அதைவிடக் குறைவு, சுமார் 75 கிலோதான். அதனால் எவ்வளவு சிறிய மாடியானாலும் இரண்டு வாய் வேண்டும். இரண்டும் அடைத்தால் வழிந்தோட, கைப்பிடிச் சுவரில் சற்று உயரத்தில் ஒரு துளையும் வேண்டும். அந்தத் துளை வழியாக முகப்பில் தண்ணீர் கொட்டினால் பார்க்க அசிங்கம் என்பார்கள். அசிங்கமாகக் கொட்டினால்தான் வீட்டுக்காரர் மாடி ஏறிப் பார்ப்பார்.

நீட்டிக்கொண்டு நிற்கும் சிலாப் அடுத்த ஆசை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃபிராங்க் லாயிட் ரைட் அருவியின் மேல் கட்டிய ஃபாலிங்வாட்டர் எல்லோருக்கும் தெரியும். 1930-களில் அதைக் கட்டும்போதே கம்பி போதாது என்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். ரைட்டுக்குத் தெரியாமல் கூடுதல் கம்பி வைத்தும் அந்தத் தளத்தின் நுனி காலப்போக்கில் ஏறக்குறைய 7 அங்குலம் தொங்கிவிட்டது. 2002-இல் உள்ளே எஃகு வடங்களைச் செலுத்தி இழுத்துக்கட்டி, மேலும் இறங்காமல் நிறுத்தினார்கள். தூக்கி நேராக்க முயலவில்லை. வேலை முடிந்தபோது மேலே தரைக் கற்களைப் பழையபடி பதித்து, எதுவும் நடக்காதது போல மூடிவிட்டார்கள்.

நம் தளங்களில் சிக்கல் கம்பியின் எண்ணிக்கையில் இருப்பது அரிது, அது நிற்கும் இடத்தில்தான் இருக்கும். நீட்டிய சிலாபுக்கு முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். சாதாரண சிலாபில் கீழே இருக்கும் கம்பியைப் பார்த்தே பழகியவர்களுக்கு இது கண்ணில் படாது. சரியாகவே கட்டியிருந்தாலும், கான்கிரீட் போடும் நாளில் சட்டியோடு நடப்பவர்கள் மிதித்து மேல்கம்பியைக் கீழே அழுத்திவிடுவார்கள். 5 அங்குல சிலாபில் கம்பி ஒரு அங்குலம் இறங்கினால் அதன் தாங்குதிறனில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். கான்கிரீட் இறுகியபின் வெளியே இருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தடுக்க வழி எளிது: இரண்டரை அடிக்கு ஒன்றாக, மேல்கம்பியைத் தாங்க நாற்காலி போல வளைத்த ‘சேர்’ கம்பி வைப்பது, நடப்பதற்குத் தனியாகப் பலகை போடுவது, கான்கிரீட் விழுகிற வரை ஒருவர் அங்கேயே நின்று கம்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருப்பது. நீட்டம் 4 அடி என்றால் மேல்கம்பி உள்பக்கம் 6 அடியாவது ஓட வேண்டும். முட்டு பிரிக்கும்போது நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். சுவர்ப் பக்கமிருந்து பிரித்தால் நுனியில் நிற்கும் முட்டு சிலாபைச் சாதாரண சிலாபாக மாற்றி, கம்பி இல்லாத அடிப்பக்கத்தில் இழுக்கும்.

அதே சிலாபின் அடியில் ஒரு சின்னக் காடி, அதாவது நீளப் பள்ளம் வேண்டும். அரை அங்குலம் அகலம், அரை அங்குலம் ஆழம், ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே. தண்ணீர் ஓரத்தில் சொட்டி விழுந்துவிடும் என்று நினைக்கிறோம். அது விழாது. அடிப்பரப்பை ஒட்டிக்கொண்டே சுவர்வரை நடந்து வரும். இரண்டே மழைக்காலத்தில் வெள்ளைச் சுவரில் கறுப்புக் கண்ணீர் வழிந்திருக்கும். காடி அந்த நடையை நிறுத்தும். சென்ட்ரிங் பலகையிலேயே ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டத்தை அடித்துவிட்டால் காடி தானாக வரும். மறந்துவிட்டுப் பிறகு மெஷின் வைத்து அறுத்தால் கம்பியை மூடியிருந்த கான்கிரீட் போய், துரு வந்து, ஓரமே பெயர்ந்து விழும். காடியைச் சுவர்வரை கொண்டுபோகவும் கூடாது, 2 அங்குலம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் காடியே வாய்க்காலாகித் தண்ணீரைச் சுவருக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

கண்ணாடிக்கு வருவோம். இல்லினாய் மாநிலத்தில் மீஸ் வான் டெர் ரோ கட்டி 1951-இல் முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் வீட்டில் நாலு பக்கமும் கண்ணாடி. காற்றுக்குக் கதவையும், படுக்கும் பக்கம் இரண்டு சிறு ஜன்னல்களையும் தவிரத் திறப்பு இல்லை. கோடையில் உள்ளே வெந்தது, குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர் கோத்தது. ஆற்று வெள்ளத்துக்காகத் தரையை 5 அடிக்குமேல் தூக்கியிருந்தும் 1954-இலும் 1996-இலும் வெள்ளம் உள்ளே புகுந்தது.

நமக்கு வெயில் வேறு மாதிரி வரும். பெர்லினில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 14 பாகைதான் உயரும். அவர்கள் கண்ணாடியைத் தெற்கே திறந்து அந்த வெயிலை உள்ளே அழைக்கிறார்கள். அதே நாளில் சென்னையில் சூரியன் ஏறக்குறைய 53 பாகை உயரத்தில் நிற்கும். 4 அடி உயரத் தெற்கு ஜன்னல் முழுவதையும் அந்த நண்பகலில் நிழலில் வைக்க 3 அடி நீட்டம் வேண்டும். வழக்கமான 2 அடி சன்ஷேடு ஜன்னலில் மூன்றில் இரண்டு பாகத்தைத்தான் மறைக்கும். மே முதல் ஜூலை வரை சூரியன் வடக்கே போய்விடுவதால் வடக்கு ஜன்னலிலும் வெயில் விழும். நண்பகலில் மிக உயரத்தில் இருப்பதால் 9 அங்குல நீட்டமே போதும். மேற்குக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. நாலு மணி வெயில் படுத்துக்கொண்டு வரும், எவ்வளவு நீட்டினாலும் அடியில் நுழையும். அங்கே தாழ்வாரம் விடலாம், செங்குத்துப் பலகைகள் நிறுத்தலாம், மாடிப்படியையும் குளியலறையையும் அந்தப் பக்கம் தள்ளலாம். மேற்கே பத்தடிக் கண்ணாடி வைத்துவிட்டுப் பிறகு நாள் முழுக்கத் திரை போட்டு வாழும் வீடுகள்தான் அதிகம்.

உள்ளும் வெளியும் ஒரே மட்டமாக ஓடும் தரையைப் பற்றி ஒன்றே ஒன்று. இழுவைக் கதவுக்கு வெளியே இருக்கும் சிலாபை, போடும்போதே 4 அங்குலம் தாழ்த்திப் போட வேண்டும். அந்த ஆழத்தில்தான் வாட்டம், நீர்த்தடுப்பு, கதவு ஓரமாக ஓடும் வாய்க்கால், அதன்மேல் கையால் எடுக்கக்கூடிய சல்லடை எல்லாம் அடங்கும். டைல்ஸ் வாங்கி வந்தபின் கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மர வேலையிலும் இதே கதை. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைத்தால் பின்னால் அரை அங்குலம் காற்றுக்கு விட வேண்டும். விடாவிட்டால் சுவரின் ஈரம் முதலில் பின்பலகையில் பூஞ்சையாகத் தெரியும்.

மெல்லிய கூரையைப் பிடிவாதமாக வேண்டாம் என்றவர்களும் நவீனக் கட்டடக் கலைஞர்களே. இலங்கையில் ஜெஃப்ரி பாவா சரிவுக் கூரைக்கே திரும்பினார். ஆனால் ஓட்டுக்கூரையும் ஒழுகும், குரங்கும் காற்றும் ஓடுகளை நகர்த்திவிடும். அவர் அடியில் அலைத் தகடு போட்டு அதன்மேல் அரைவட்ட ஓடுகளைப் படுக்க வைத்தார். தண்ணீரைத் தகடு தடுத்தது. வெயிலையும் இரைச்சலையும் ஓடு தடுத்தது. ஒன்று தவறினால் இன்னொன்று இருக்கிறது. அன்று போட்டது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு. இன்று கல்நார் கலக்காத சிமென்ட் தகட்டைத்தான் போட வேண்டும், தகட்டின் அலைக்கு ஓடு உட்கார்கிறதா என்று நாலு ஓடுகளை வைத்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். அகமதாபாத்தில் லெ கொர்புசியே கட்டிய ஷோதன் வீட்டில், சுட்டெரிக்கும் வெயிலுக்காக வீட்டின் மேல் குடை போலத் தனியாக ஒரு கூரை நிற்கிறது. அங்கே கூரையின் வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

வீட்டை ஒப்படைக்கும் நாளில் சாவியோடு ஒரு தாளும் கொடுப்பது நல்லது. தண்ணீர் வாய்கள் எங்கெங்கே, கதவோர வாய்க்காலின் சல்லடையை எப்படித் தூக்குவது, இழுவைக் கதவுத் தண்டவாளத்தின் துளைகள் எங்கே என்று அதில் இருக்க வேண்டும். தட்டைச் சல்லடை நாலு இலையில் அடைத்துக்கொள்ளும், கிண்ணத்தைக் கவிழ்த்தது போன்ற சல்லடை தாங்கும். புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் துடைப்பத்தோடு மாடி ஏற வேண்டும் என்பதைத் தாளின் முதல் வரியாகவே எழுதிவிடலாம்.